கார் வாங்கும் பேரம்: எல்லாம் ஒரே ஷோரூமிலா, தனித்தனியாகவா?

ஷோரூமில் உட்கார்ந்து காப்பி வருவதற்குள் வரும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டற மாதிரி பாக்கறீங்கண்ணா?" என்பதுதான். இதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பேரம் பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 13,000 என்று சொன்னால், அந்த 13,000-க்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். ஐந்து வருஷத் தவணையை ஏழு வருஷமாக இழுக்கலாம், ஆக்ஸசரீஸைக் கடனில் சேர்க்கலாம், இன்ஷூரன்ஸைக் கூட்டிப் போடலாம். வாங்குகிறவருக்குத் தவணை மட்டும் மாறாமல் தெரியும். "தவணையை அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல வண்டி விலையைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

டீலர் உங்களோடு செய்வது ஒரு வியாபாரம் இல்லை, நான்கு. புதுக் காரை விற்கிறார், பழைய காரை வாங்குகிறார், கடன் பிடித்துத் தருகிறார், இன்ஷூரன்ஸ் போட்டுத் தருகிறார். காரில் விட்டதை மற்ற மூன்றில் எடுத்துக்கொள்ள அவருக்கு வழி உண்டு. ஆகவே கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் வாங்கினாலும் சரி, ஈரோடு பெருந்துறை ரோட்டில் வாங்கினாலும் சரி, முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நான்கையும் ஒரே இடத்தில் முடிப்பதா, பிரித்து முடிப்பதா?

"மொத்தமா ஒரு ரேட்டுச் சொல்லிப் போடுங்க" என்று கேட்பது நம்ம பக்கத்துப் பழக்கம். தேங்காய், மஞ்சள் போன்ற சரக்குக்கு அது சரி. கார் கொட்டேஷனில் எட்டுப் பத்து இனம் இருக்கிறது. மொத்தமாகப் பேசினால் எந்த இனத்தில் குறைந்தது, எந்த இனத்தில் ஏறியது என்று தெரியாமலே போய்விடும்.

கொட்டேஷனைப் படிப்பது

ஷோரூம் விலை, ஆயுள் வரி, ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்ஸசரீஸ் கிட், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒவ்வொன்றும் தனி இனமாக, ஷோரூம் முத்திரையோடு எழுத்தில் வேண்டும். வாட்ஸப்பில் வரும் ஒற்றைத் தொகையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

இவற்றில் வரியையும் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தையும் யாராலும் குறைக்க முடியாது. மற்றவை பெரும்பாலும் பேசக்கூடியவை. ஹேண்ட்லிங் சார்ஜை எடுக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். கம்பெனி அறிவிக்கும் ஷோரூம் விலையிலேயே வண்டியை ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு அடங்கிவிடுகிறது. "லாஜிஸ்டிக்ஸ்", "டிப்போ", "எசென்ஷியல் கிட்" என்று பெயர் மாறி வந்தாலும் அது எதற்கு என்று கேட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரியைக் குறைக்க முடியாது என்றாலும், எந்த வரி விகிதத்தில் விழுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியபடி, காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. இந்த விகிதம் முழு விலைக்கும் போடப்படுகிறது; 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் இல்லை. 9,95,000 ரூபாய் வேரியண்டுக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் வேரியண்டுக்கு 1,80,900. விலையில் வித்தியாசம் 10,000, வரியில் 51,550. அதோடு 10 லட்சத்தைத் தாண்டியதும் 1% டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) சேர்ந்துகொள்ளும். டிசிஎஸ் உங்கள் பான் கணக்கில் வரவாகி, வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழியும் அல்லது திரும்ப வரும். ரிட்டர்ன் போடாதவருக்கு அது வராது.

எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டியில் இரட்டை வண்ணம், சன்ரூஃப் என்று ஆசைப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு திறமையாகப் பேசினாலும் ஷோரூமில் வாங்க முடியாத தொகை இங்கே மிச்சமாகும்.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆனது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருப்பவை இதில் அடங்கும். மற்றவற்றுக்கு 40%, மின்சாரக் காருக்கு 5%. அதற்கு முந்தைய விலைப் பட்டியலோடு ஒப்பிட்டு "இவ்வளவு குறைச்சிருக்கோம்" என்று யாராவது காட்டினால், அது அரசு குறைத்தது. டீலர் தந்த தள்ளுபடியை அதற்கு மேல் தனியாகக் கேளுங்கள். திருப்பூர், கரூர் பக்கம் கம்பெனி பேரில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சொந்த உபயோகத்துக்கான பயணிகள் காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. "திரும்ப எடுத்துக்கலாம்" என்ற பேச்சை நம்பி பெரிய வண்டிக்குப் போக வேண்டாம்.

இரண்டு வழியும் எதிரெதிராக

ஒரு மாதிரிக் கணக்கு. ஷோரூம் விலை 9,40,000, ஆயுள் வரி 1,22,200. பழைய கார் ஒன்று கைவசம் இருக்கிறது. கடன் 6 லட்சம், ஐந்து வருஷம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் கொட்டேஷனில் உள்ளதை இதே கட்டங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

| இனம் | எல்லாம் ஷோரூமில் | பிரித்து |
|---|---|---|
| ரொக்கத் தள்ளுபடி | 25,000 | 15,000 |
| எக்ஸ்சேஞ்ச் போனஸ் | 20,000 | இல்லை |
| பழைய கார் விலை | 2,60,000 | 2,95,000 |
| இன்ஷூரன்ஸ் | 48,000 | 36,000 |
| கடன் வட்டி | 9.5% | 9% |
| ஆக்ஸசரீஸ் | 22,000 | 12,000 |
| ஹேண்ட்லிங் | 7,500 | இல்லை |

ஷோரூம் வழியில் தள்ளுபடியாக 30,000 கூடுதலாகக் கிடைக்கிறது. பிரித்து வாங்கினால் பழைய காரில் 35,000, இன்ஷூரன்ஸில் 12,000, வட்டியில் சுமார் 8,700, ஆக்ஸசரீஸில் 10,000, ஹேண்ட்லிங்கில் 7,500 என்று 73,200 மிச்சம். கழித்தால் பிரித்து வாங்குவது 43,200 ரூபாய் லாபம். "இன்ஷூரன்ஸ வெளிய எடுத்தீங்கன்னா தள்ளுபடில பத்தாயிரம் போயிருமுங்க" என்று சொல்வார்கள் என்பதால், ரொக்கத் தள்ளுபடியை 15,000 ஆகக் குறைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். அப்படியும் வித்தியாசம் நிற்கிறது.

எப்போதும் இப்படித்தான் முடியும் என்றில்லை. பழைய கார் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் ஓடியது, வெளியே 60,000-க்கு மேல் கேட்க ஆளில்லை என்றால் கணக்குத் திரும்பிவிடும். ஷோரூமில் 55,000 தந்து, கம்பெனி போனஸாக 40,000 சேர்ந்தால் அங்கே கொடுப்பதே சரி. நான்கைந்து வருஷம் ஓடிய, ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக உள்ள வண்டி வைத்திருப்பவர் அதை வெளியே விற்பதுதான் சரி. காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிக்கு ரொக்கத் தள்ளுபடி கேட்டும் கிடைக்காது. அங்கே மிச்சம் பிடிக்க இன்ஷூரன்ஸும் கடனும் மட்டும்தான் வழி.

பழைய கார்

நான்கில் அதிகப் பணம் நழுவும் இடம் இது. கொட்டேஷனில் இரண்டு தொகை தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று டீலர் உங்கள் வண்டிக்குத் தரும் விலை, மற்றது கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ். "உங்க வண்டிக்கு 2,80,000 தர்றோமுங்க" என்று ஒரே தொகையாகச் சொன்னால், அதில் 20,000 உங்களுக்கு எப்படியும் வரவேண்டிய போனஸாக இருக்கலாம். வண்டிக்கு அவர் போட்டது 2,60,000 மட்டுமே.

ஆகவே புதுக் கார் விலையைப் பழைய கார் பேச்சே இல்லாமல் முதலில் முடித்து, எழுதி வாங்குங்கள். அடுத்த நாள் பழைய காரைக் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்திருக்க வேண்டும்: உள்ளூர் பழைய கார் வியாபாரி ஒருவர், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்லைன் கம்பெனி ஒன்று. ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி நான்கும் கையில் இருக்கட்டும். இரண்டாவது சாவி இல்லை என்றால் அதற்கே ஒரு தொகை கழிப்பார்கள். கழுவி, உள்ளே சுத்தம் செய்து கொண்டுபோனால் போதும். பழைய காருக்குப் புது டயர் போட்டு விற்பது வீண். போட்ட காசு விலையில் திரும்பாது.

போனஸுக்குப் பழைய வண்டி உங்கள் பேரிலோ, மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பேரிலோ இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இந்தப் பக்கம் பல வீடுகளில் வண்டி அப்பா பேரில்தான் இருக்கும். அவர் காலமாகியிருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். இதைப் புக்கிங் செய்த பிறகு ஆரம்பித்தால் அந்த மாத ஸ்கீம் கைவிட்டுப் போய்விடும்.

வெளியே விற்றாலும் போனஸ் கிடைக்கும் வழி ஒன்று பல கம்பெனிகளில் உண்டு. பழைய வண்டி வேறொருவர் பேருக்கு மாறிய ஆர்.சி. நகலைக் குறிப்பிட்ட நாளுக்குள் காட்டினால் போதும். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தானாக இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் கேளுங்கள். கிடைத்தால் மேலே உள்ள கணக்கில் இன்னொரு 20,000 உங்கள் பக்கம் சேரும்.

யாரிடம் விற்றாலும் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீது வாங்குங்கள். பேர் மாறும் வரை அந்த வண்டிக்கு வரும் அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பழைய கடன் இருந்தால் பேங்கின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் பேர் மாற்றம் நடக்காது.

கடன்

"ரெடி கேஷ் தர்றனுங்க, கம்மி பண்ணுங்க" என்பது கார் ஷோரூமில் எடுபடாது. கடன் போட்டால் டீலருக்குப் பேங்கிலிருந்து கமிஷன் வரும். ரொக்கத்தில் அது இல்லை. மேலும் வருமான வரிச் சட்டப்படி 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக அவர் வாங்கவே கூடாது. சீட்டு எடுத்த பணமானாலும் காசோலையாகவோ ஆர்டிஜிஎஸ் ஆகவோதான் போக வேண்டும். கடன் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும், விலை எழுத்தில் வரும் வரை அதைச் சொல்ல வேண்டாம்.

கடன் வாங்குவதானால் சம்பளமோ நடப்புக் கணக்கோ உள்ள உங்கள் பேங்கில் முதலில் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். அங்கே இருக்கும் ஃபைனான்ஸ் ஆள் அதைவிடக் குறைத்தால் அவரிடமே போடலாம். ஒப்பிடும்போது இரண்டும் குறையும் நிலுவைக்கான (கட்டக் கட்ட மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் போடும்) வட்டிதானா என்று பாருங்கள். 6 லட்சத்துக்கு ஐந்து வருஷம், குறையும் நிலுவையில் 9% என்றால் தவணை சுமார் 12,455. மொத்த வட்டி சுமார் 1,47,300. "வெறும் 5.5%" என்று ஃப்ளாட் வட்டியில் (கடைசி வரை முழுக் கடனுக்கும் போடுவது) சொன்னால் தவணை 12,750, மொத்த வட்டி 1,65,000. சின்ன எண்ணாகத் தெரிவது 17,700 ரூபாய் அதிகம். குறையும் நிலுவையில் 9.5% ஆனால் தவணை சுமார் 12,600. பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். வெள்ளாமைப் பணம் வந்ததும் மொத்தமாக அடைக்கலாம் என்று இருப்பவருக்கு அரை சதவீத வட்டியைவிட அந்த அபராதம்தான் முக்கியம்.

இன்ஷூரன்ஸ்

புதுக் காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது ஒரு வருஷத்துக்கு எடுக்கும் ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பகுதியிலும் ஆட்-ஆன் எனும் கூடுதல் பாதுகாப்புகளிலும். தங்களிடமே எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி.

ஒப்பிடும்போது ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை) ஒன்றாக இருக்க வேண்டும். புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95%. நம் எடுத்துக்காட்டில் 8,93,000. வெளியே குறைந்த பிரீமியம் காட்டினால், "நாங்களும் அதே ரேட்டுக்குத் தர்றோம்" என்று ஷோரூமில் ஐடிவியை இறக்கியோ ஜீரோ டெப்ரிசியேஷனை (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஆட்-ஆன்) நீக்கிவிட்டோ அதே தொகையைக் காட்ட முடியும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர் அதைக் காட்டினால், இங்கே அந்தச் செலவை விட்டுவிடலாம்.

"வெளிய எடுத்தா கேஷ்லெஸ் வராது" (பழுதுச் செலவைக் கம்பெனியே நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டாது) என்று சொன்னால், அந்த ஷோரூமின் ஒர்க்‌ஷாப்போடு எந்தெந்தக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டு, அதில் ஒன்றில் எடுங்கள். வெளியே பாலிசி போட சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வேண்டும். வண்டி ஒதுக்கியதும் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக்ஸசரீஸில் மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர் வெளியே வாங்கலாம். வயர் வெட்டிச் சேர்க்கும் எதையும் வெளியே செய்ய வேண்டாம், மின் கோளாறு வந்தால் வாரண்டியை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டியை அன்றே எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம், நாள் போகப் போக விலை கூடும்.

எந்த ஊர் ஷோரூம், எந்த மாதம்

பொள்ளாச்சி, திருப்பூர், கோயமுத்தூர் என்று மூன்று ஊரில் கொட்டேஷன் வாங்கியும் மூன்றும் ஒரே தொகையாக இருந்தால், மூன்றும் ஒரே முதலாளியின் கிளைகளாக இருக்கலாம். கொட்டேஷனில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் 3 முதல் 12 வரை உள்ள பத்து எழுத்தும் பான் எண். அது ஒன்றாக இருந்தால் அவர்களுக்குள் போட்டி இல்லை. வேறு பான் எண் உள்ள டீலர் ஈரோட்டிலோ சேலத்திலோ இருந்தால் அங்கே ஒரு கொட்டேஷன் வாங்குவதுதான் பலன் தரும். கோயமுத்தூரில் வாங்கினாலும் கோபி முகவரிக்கு TN 36, தாராபுரத்துக்கு TN 78 என்று சொந்த ஊர் எண்ணிலேயே பதியலாம். சர்வீஸ் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் செய்துகொள்ளலாம். ஐயாயிரம், ஆறாயிரம்தான் வித்தியாசம் என்றால் உள்ளூர் டீலரிடம் வாங்குவதே என் தேர்வு. பேப்பர் தாமதமானால் நேரில் போய் நிற்க முடியும்.

கம்பெனி ஸ்கீம்கள் மாதக் கணக்கில் ஓடுகின்றன. கணக்கில் வருவது இன்வாய்ஸ் தேதி. மாதத்தின் கடைசி நான்கைந்து நாளில் டார்கெட் எட்டாத ஷோரூம் தன் பங்கிலிருந்தும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆயுத பூஜை, தீபாவளிக்குக் கூட்டம் தானாக வருகிறது, பேச இடம் குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வண்டி எடுக்க மாட்டார்கள். பேச நல்ல நேரம் அதுதான். ஆடியில் எடுக்கத் தயங்குகிறவர்களும் ஆடிப் பதினெட்டில் எடுப்பார்கள். மார்கழி வேறு விதத்தில் வசதி: அது டிசம்பர் பாதியில் தொடங்குகிறது, கம்பெனிகள் வருஷக் கடைசிச் சரக்கைத் தள்ள நினைக்கும் அதே நாட்கள். டிசம்பர் 31-க்குள் இன்வாய்ஸ் போட்டுவிட்டு, டெலிவரியைத் தை முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளக் கேட்கலாம். ஜனவரி விலையேற்றத்திலிருந்தும் தப்பலாம். அதுவரை வண்டி நிற்க வாடகை இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

ஆனால் அந்த வண்டி போன வருஷத் தயாரிப்பு. அந்தத் தள்ளுபடி லாபமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய கார் வியாபாரியிடம் அதே மாடலில், அதே கிலோமீட்டர் ஓடிய, அடுத்தடுத்த வருஷத்து இரண்டு வண்டிகளுக்கு விலை கேளுங்கள். அந்த இடைவெளியைவிடத் தள்ளுபடி அதிகமாக இருந்தால் எடுக்கலாம். பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவருக்குப் பழைய வருஷச் சரக்கு நல்ல பேரம். மூன்று வருஷத்தில் மாற்றுகிறவருக்கு இல்லை.

டெமோ காரும் (வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க ஷோரூம் வைத்திருக்கும் வண்டி) ஒரு வழி. டீலர் பேரில் பதிந்து ஆயுள் வரி கட்டியாகிவிட்டதால் அந்தச் செலவு உங்களுக்கு இல்லை. ஆனால் ஆர்.சி.யில் நீங்கள் இரண்டாவது ஓனர், வாரண்டியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பல பேர் கற்றுக்கொண்ட கிளட்ச் அது என்பதையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

புக்கிங்கும் கடைசிப் பணமும்

அட்வான்ஸ் ரசீதில் வேரியண்ட், நிறம், தயாரிப்பு மாதம், ஒவ்வொரு தள்ளுபடியும் தனித்தனியாக, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். புக்கிங்குக்கு 5,000, 10,000 போதும். பெரிய தொகை கட்டிவிட்டால் அதன்பின் ஹேண்ட்லிங்கைக்கூட எடுக்க வைக்க முடியாது.

இன்வாய்ஸ் போடும் முன் வண்டியை யார்டில் நேரில் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து, பின்னால் வரும் படிவம் 21 (விற்பனைச் சான்று), 22 (சாலைத் தகுதிச் சான்று) இரண்டோடும் ஒப்பிடுங்கள். தயாரிப்பு மாதம் படிவம் 21-ல் இருக்கும். டயரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரும் பக்கத்துப் பக்கத்து மாதங்களாக இருக்க வேண்டும். மீட்டர் நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். கதவு விளிம்பிலும் பம்பர் மூலையிலும் விரலை ஓட்டினால் மறு பெயின்ட் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அப்படியானால் வேறு வண்டி கேளுங்கள், தள்ளுபடி வேண்டாம். பதிவு முடிந்து உங்கள் பேரில் எண் விழுந்துவிட்டால் வண்டியை மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே பாக்கித் தொகையும் பேங்கின் கடன் தொகையும் ஷோரூமுக்குப் போவது இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் இருக்க வேண்டும். கடன் பேங்கிடமும் அப்படியே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.